தொடர் பராமரிப்புப் பயிற்சி: மருத்துவச்சி மாணவிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே பெண்ணுடன் கர்ப்பகாலம், பிரசவம், பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் என முழுக்க உடனிருந்து கற்பதுதான் தொடர் பராமரிப்புப் பயிற்சி. 28-வது வாரத்தில் எடுத்த ஒரு முடிவு பிரசவ அறையில் என்ன ஆயிற்று என்பதை வார்டு பணி காட்டாது, இது காட்டும். பலர் இதைப் பிரசவ எண்ணிக்கையை நிரப்பும் வேலையாகவே பார்க்கிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலாவது, தாமதமாகச் சேர்வது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்த கர்ப்பகாலச் சந்திப்புகள் 8. முதலாவது 12 வாரத்துக்குள். பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40. பிரசவம் பார்க்கத்தானே என்று 34-இல் சேர்ந்தால் பாதி போய்விட்டது. கர்ப்பப்பை உயரத்தையே (இடுப்பின் முன் எலும்பிலிருந்து கர்ப்பப்பையின் உச்சி வரை டேப்பால் அளப்பது) எடுத்துக்கொள்ளுங்கள். 24 வாரத்துக்குப் பின் சென்டிமீட்டர் கணக்கு ஏறக்குறைய வார எண்ணிக்கையை ஒட்டியே வரும். ஒருமுறை அளந்தால் அது வெறும் எண். சிறுநீர் கழித்த பின், டேப்பின் எண்கள் கண்ணில் படாதபடி திருப்பிப் பிடித்து, ஒரே கை தொடர்ந்து அளந்து வரும்போதுதான் வளர்ச்சி மந்தமாவது தெரியும்.

பிரசவத் தேதிகளை நெருக்கமாக வைத்துக்கொள்வதும் தவறு. நிறைமாதப் பிரசவம் 37 முதல் 42 வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். ஒரே பதினைந்து நாளில் மூவரை ஏற்றால் யாரையாவது தவறவிடுவீர்கள். இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பவும் கூடாது.

மிகவும் ஆபத்தானது கைப்பேசியில் ஆலோசனை சொல்வது. பழகிய பிறகு அந்தப் பெண் மருத்துவமனையை விட்டுவிட்டு உங்களுக்குத்தான் செய்தி அனுப்புவார். குழந்தை அசைவு குறைவது, ரத்தப்போக்கு, நீர்க்குடம் உடைவது, கண் மங்கலோடு கடும் தலைவலி: இவற்றுக்கு எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுங்கள். மாணவி தனியாக முடிவெடுக்க மாட்டார், அந்தப் பெண் விரும்பினால் எப்போதும் விலகிக்கொள்ளலாம் என்பதைச் சம்மதம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

சிசேரியன் என்று முடிவானதும் சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது அந்தப் பெண்ணைக் கைவிடுவதுதான். தெரிந்த முகம் அன்றுதான் அவருக்கு அதிகம் தேவை. குழந்தை இறந்துபோனாலும் சொல்லாமல் மறைந்துவிடாதீர்கள். அவருக்கு விருப்பமா என்று கேட்டு, மேற்பார்வையாளருடன் போய்ப் பாருங்கள்.

பிரசவத்துக்குப் பிந்தைய சந்திப்புகளைத்தான் பலரும் சுருக்கிவிடுகிறார்கள். முதல் 24 மணி நேரம், 48 முதல் 72 மணி நேரம், 7 முதல் 14 நாள், ஆறாவது வாரம் ஆகிய நான்கையும் விடாதீர்கள். குழந்தையின் எடை முதலில் குறைந்து, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பும். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பாலூட்டலை உடனே மதிப்பிட வேண்டும். முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாயின் மனச்சோர்வு இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அது சாதாரணமல்ல. அவருடைய பழைய பேச்சும் சிரிப்பும் தெரிந்த நீங்கள்தான் இந்த மாற்றத்தை முதலில் கவனிக்க முடியும்.

பதிவேட்டில் "ரத்த அழுத்தம் பார்த்தேன்" என்றால் போதாது. எத்தனையாவது வாரம், அளவு என்ன, அதற்கு முந்தைய அளவு என்ன, யார் மேற்பார்வை, அடுத்து என்ன முடிவு என்று அன்றன்றே எழுதுங்கள். பெயருக்குப் பதில் குறியீடு போதும்.

பயிற்சி என்றைக்கு முடியும் என்பதை முன்பே சொல்லிவையுங்கள். கடைசிச் சந்திப்பில் பாலூட்டலுக்கும் கருத்தடைக்கும் இனி யாரிடம் போக வேண்டும் என்ற விவரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு விடைபெறுங்கள்.