அவதூறு வழக்கு: பொதுவாழ்வில் இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில், ஊரணியைத் தூர்வாரப் பணம் ஒதுக்கி மாதக்கணக்கில் ஆகியும் கருவேல முள் அப்படியே நிற்பதைக் கண்டு மனம் கொதித்த தம்பி ஒருவர், “ஊரணிப் பணத்தைத் தலைவர் விழுங்கிவிட்டார்” என்று எழுதி, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் என்னிடம் காட்டினார். “உண்மையைத்தானே எழுதுகிறேன், அண்ணே? சட்டத்தையும்தான் மாற்றிவிட்டார்களே” என்றார். அவர் சொன்ன இரண்டையும் நம்பித்தான் பலர் நீதிமன்றப் படி ஏறுகிறார்கள்.

2024 ஜூலை 1 முதல், அவதூறைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் இருந்த இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு வந்திருக்கிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அதாவது கடின வேலை இல்லாத சிறை, என்பது அப்படியே இருக்கிறது. சமூக சேவை என்ற தண்டனை மட்டும் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. இலங்கை 2002இலேயே அவதூறைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இங்கோ உச்ச நீதிமன்றம் 2016இல் இந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க வழி இருக்கும்போது சிறை எதற்கு என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் இருக்கும் சட்டத்தை இல்லாததாக நினைத்து எழுதக் கூடாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உண்மையிலேயே பயனுள்ள மாற்றம் ஒன்று உண்டு: குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்காமல், குற்றவியல் நடுவர் தனிநபர் புகாரைக் கோப்பில் எடுத்துக்கொள்ள முடியாது.

உண்மை என்றால் போதும் என்பது அடுத்த தவறு. இழப்பீட்டு வழக்கில் அது போதும். குற்ற வழக்கில், எழுதியது உண்மை என்பதோடு, அதை வெளியிட்டது பொதுநன்மைக்காக என்பதையும் எழுதியவரே நிறுவ வேண்டும். அதைவிட, நமக்குத் தெரிந்த உண்மை எது என்று பார்ப்பது முக்கியம். பணம் ஒதுக்கப்பட்டதும் முள் வெட்டப்படாததும் தம்பி கண்ணால் கண்டவை. தலைவர் விழுங்கினார் என்பது அவருடைய ஊகம். “இவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டது, வேலை நடக்கவில்லை, பணம் என்ன ஆயிற்று?” என்று கேட்டிருந்தால் அதே கோபம் அதில் இருக்கும், வழக்குக்கு இடம் மிகக் குறைவு.

அதிகாரத்தில் இருப்பவரைத் தொடவே கூடாது என்று அஞ்சுவதும் தவறுதான். 1994இல் நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் தொடுத்த வழக்கில், அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்களை அவதூறு செய்ததாக இழப்பீடு கேட்க முடியாது என்றும், பொது ஊழியர் தம் அலுவல் பற்றிய விமர்சனத்துக்கு இழப்பீடு பெற, அது பொய் என்பதோடு உண்மையைப் பொருட்படுத்தாமல் வெளியிடப்பட்டது என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழக அரசு பத்திரிகைகள் மீது தொடுத்திருந்த அவதூறு வழக்குகள் பலவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020இல் ரத்து செய்தது. இந்தப் பாதுகாப்பு அலுவலைப் பற்றியது. அவர் வீட்டுப் பெண்களைப் பற்றி எழுதுவதற்கு அல்ல.

பெயரைப் போடவில்லையே என்ற சமாதானம் எங்கள் பக்கம் சிறிதும் எடுபடாது. செட்டிநாட்டில் விலாசம் என்னும் குடும்ப முதலெழுத்துகளில் இரண்டைச் சொன்னாலே எந்த வீடு, யார் மகன் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். படிப்பவருக்கு ஆள் இன்னார் என்று விளங்கினால் சட்டத்துக்கு அது போதும். ஃபார்வர்டு செய்தவரும் தப்ப முடியாது.

மேடையில் பேசுவோரும் தங்களுக்கு இது பொருந்தாது என்று எண்ணுகிறார்கள். தேர்தல் மேடைப் பேச்சு ஒன்றுக்காக 2023 மார்ச்சில் சூரத் நீதிமன்றம் இரண்டு ஆண்டு தண்டனை விதித்ததும் ராகுல் காந்தி மக்களவை உறுப்பினர் பதவியை இழந்தார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்த பிறகே அது திரும்பக் கிடைத்தது.

தம்பி அந்த வரியை அழித்தார். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, ஊரணி வேலைக்கான எம்.புக், அதாவது நடந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின், நகல் கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினோம். பதில் தர அவர்களுக்கு முப்பது நாள் இருக்கிறது.