வளைகுடாப் பணம் வீட்டுக்கு முழுசாக வந்து சேர

வட்டிக்கு வாங்கி விசா எடுத்தவரின் முதல் வருடச் சம்பளம் பெரும்பாலும் வட்டிக்காரருக்குத்தான். மூன்று வட்டிக்கு 2 லட்சம் என்றால் மாதம் 6,000, வருடம் 72,000. அசல் அப்படியே நிற்கும். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்து இந்தக் கடனை முதலில் முடியுங்கள். நகைக்கடன் வட்டி அதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். மனை, மாடி எல்லாம் பிறகு.

அனுப்பும் முன் ரேட்டைச் சரிபாருங்கள். ஒரு டாலருக்கு 3.6725 அமீரக (துபாய், அபுதாபி) திர்ஹம் என்பது நிலையான கணக்கு. அன்றைய டாலர் விலையை அதால் வகுத்தால் உண்மை ரேட் கிடைக்கும். டாலர் 85 ரூபாய் என்றால் திர்ஹம் 23.14. பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் கடையில் 22.90 கொடுத்தால் 1,500 திர்ஹமுக்கு 360 ரூபாய் போச்சு. 'கட்டணம் இல்லை' என்ற விளம்பரத்தின் சூட்சுமம் இதுதான். கட்டணம் தனியாக உண்டென்றால், மாதம் இரண்டு மூன்று தடவை அனுப்பாமல் ஒரே தடவையாக அனுப்புங்கள்.

ஊரில் இருந்த பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் இருப்பவரின் ஊர் வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் பிடிப்பார்கள். என்.ஆர்.இ. நிரந்தர வைப்பை (எஃப்.டி.) ஒரு வருடத்துக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது, அதனால் அவசரப் பணத்தை அதில் போடாதீர்கள். மனைவி பெயரை இணைத்தாலும், நீங்கள் அதிகாரக் கடிதம் கொடுத்தால்தான் அவரால் பணம் எடுக்க முடியும். பலர் இதை மறந்துவிட்டு, ஆஸ்பத்திரிச் செலவு வரும்போது திண்டாடுகிறார்கள். வீட்டுச் செலவுக்கான தொகையை மனைவியின் சொந்தக் கணக்குக்கே மாதாமாதம் அனுப்புங்கள். அந்தப் பணத்துக்கு அவர் வரி கட்ட வேண்டியதில்லை. அப்பா கணக்கில் மொத்தமாகப் போட்டு, மருமகள் ஒவ்வொரு செலவுக்கும் கை நீட்டும் வீட்டில் பணம் வந்தும் நிம்மதி வராது.

உண்டியலில், அதாவது வங்கி வழியில்லாமல் ஆள் மூலம் அனுப்பும் ஹவாலாவில், ரேட் கூடுதலாகத் தெரியும். அது சட்டவிரோதம் என்பது ஒருபுறம். ஊரில் உங்கள் கணக்குக்கு வரும் பணம் யாரோ ஏமாந்து இழந்ததாக இருந்தால், போலீஸ் புகாரில் கணக்கே முடங்கும்.

சம்பளப் பாக்கி விழுவது சகஜம். நான்கு மாதச் செலவு கையிருப்பு இருக்கட்டும். குடியேற்ற அனுமதி தேவைப்படும் (ஈ.சி.ஆர்.) பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம். பாலிசியின் நகலை வீட்டில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.