கணக்கு சரி, கால் எங்கே?

போன வாரம் எங்கள் பிசியோதெரபி பிரிவில் ஓர் இன்டர்ன், பக்கவாதத்திலிருந்து தேறிவரும் ஒருவரை நடக்கவிட்டு, "இருபதிலிருந்து பின்னாடி எண்ணுங்க ஐயா" என்றார். ஐயா எண்ணினார். இன்டர்ன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தேன்.

நடந்துகொண்டே மனசுக்கு இன்னொரு வேலை கொடுக்கும் இந்த இரட்டை வேலைப் பயிற்சி நல்லதுதான். முன்பு தானாக நடந்த கால், பக்கவாதத்துக்குப் பிறகு ஒவ்வோர் அடிக்கும் கவனம் கேட்கிறது. வீட்டிலோ பாத்ரூம் போகிற வழியில் போன் அடிக்கும், பேரன் கூப்பிடுவான். 1997-ல் ஸ்வீடனில் வெளியான ஆய்வு ஒன்றில், முதியோர் குடியிருப்பில் இருந்த 58 பேரிடம் நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பதில் சொல்வதற்காக 12 பேர் நின்றுவிட்டார்கள். அந்த 12 பேரில் 10 பேர் ஆறு மாதத்துக்குள் எங்காவது விழுந்தார்கள். ஆனால் இந்தப் பயிற்சியைக் கொடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள் சில உண்டு.

விடை திருத்துவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். முன்பு என்னிடம் வந்த நோயாளி ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இடது பக்கம் பலவீனம். நடந்துகொண்டே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். 93, 86, 79, 72... அவர் வேகத்துக்கு எனக்குக் கணக்கு வரவில்லை. 72 சரிதானா என்று நான் மனசுக்குள் கழித்துக்கொண்டிருந்தபோது அவர் திரும்ப வேண்டிய இடம் வந்துவிட்டது. இடது முழங்கால் மடங்கியது. இடுப்புப் பட்டையில் என் கை இருந்தது, பிடி இல்லை. தரையில் கிடந்தபடி "65" என்றார். சரியான விடை. மணிக்கட்டு முறிந்திருந்தது. எலும்பு கூடிய பிறகும் மாதக்கணக்கில் அறையைத் தாண்டி நடக்கப் பயந்தார்.

அவருக்குக் கொடுத்த இரட்டை வேலையை நானும் செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். அதனால் இப்போதெல்லாம் நான் யோசிக்காமலே சரிபார்க்கக்கூடிய கேள்விதான் கேட்பேன்: கிழமைகளைத் தலைகீழாகச் சொல்வது, 'க'வில் தொடங்கும் ஊர்கள். அப்புறம் இன்னொன்று. வாத்தியாருக்குத் தப்பான பதில் சொல்வது கௌரவப் பிரச்சினை. காலை விட்டுவிட்டுக் கணக்கைப் பிடித்துக்கொண்டார். "முதலில் கால், பதில் தப்பினால் பரவாயில்லை" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் கண் அவர் முழங்காலில் இருக்கட்டும். திரும்பும் இடத்தில் கேள்வியே வேண்டாம்.

அளக்காமல் சேர்ப்பது

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி? முதலில் அதை மட்டும் குறியுங்கள். உட்கார்ந்தபடி எண்ணுவதைத் தனியாகப் பாருங்கள். பிறகுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் அடி குறுகினாலோ நின்றுவிட்டாலோ கேள்வியை எளிதாக்குங்கள்.

பேச்சு வராதவரிடம் கணக்கு

வலது பக்கம் செயலிழந்தவர்கள் பலருக்குப் பேச்சும் பாதிக்கப்பட்டிருக்கும். பதில் தெரிந்திருந்தும் சொல் வராது. அவர் நின்று பயிற்சி செய்யும்போது காய்கறிப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். கத்திரிக்காய் வந்தால் மட்டும் நல்ல கையைத் தூக்கட்டும்.

தினமும் அதே கணக்கு

மூன்றாம் நாள் மனப்பாடம்.

பிடிக்காமல் நிற்க முடியாதவரை நடக்கவிட்டுக் கேள்வி கேட்பது

வேண்டாம்.