அம்மா போனில் கூடவே வந்த ஆப்கள்

குடியாத்தத்தில் இருக்கும் அம்மாவின் போன் 32 ஜிபி. பேரன் போட்டோ அனுப்பினால் இடமில்லை என்று நிற்கும். வாங்கும்போதே உள்ளே இருந்த கேம், செய்தி, ஷாப்பிங் ஆப்கள்தான் அடைத்திருந்தன. நோட்டிபிகேஷன் தொல்லை வேறு. வயசானவங்களுக்கு இது நிஜமாகவே கொடுமை.

சிலது ஐகானை அழுத்திப் பிடித்ததும் அன்இன்ஸ்டால் ஆனது. மற்றதற்கு அந்த பட்டனே இல்லை. செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து, முதலில் மூன்று புள்ளி மெனுவில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்', பிறகு கிளியர் டேட்டா, கடைசியில் டிசேபிள் கொடுத்தேன். அசல் ஆப் சிஸ்டம் பகுதியில் இருப்பதால் அந்த இடம் கிடைக்காது. அப்டேட்டும் டேட்டாவும் பிடித்திருந்ததுதான் திரும்பும். அதுவே அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது.

டிசேபிள் மங்கலாகக் கிடந்த ஆப்களுக்கு லேப்டாப் தேவை. செட்டிங்ஸில் இருக்கும் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை (கேபிள் வழியாக லேப்டாப் போனுக்குக் கட்டளை கொடுக்க விடும் வசதி) ஆன் செய்து, ஏடிபி என்ற ஆண்ட்ராய்டு கட்டளைக் கருவி மூலம் 'யூசர் 0'வுக்கு, அதாவது போனின் முதன்மைப் பயனருக்கு மட்டும் நீக்கினேன். ரூட் (சிஸ்டம் முழுவதையும் மாற்றும் அனுமதி) வேண்டியதில்லை. ஃபாக்டரி ரீசெட் செய்தால் நீக்கிய ஆப் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

டயலர், கீபோர்டு, சிஸ்டம் யூஐ (மேல்பட்டை, நோட்டிபிகேஷன் எல்லாம் காட்டுவது) பக்கம் போகாதீங்க. பெயர் புரியாத பேக்கேஜையும் (ஏடிபியில் ஆப்கள் இந்தப் பெயரில்தான் வரும்) தொடாதீங்க. வேலை முடிந்ததும் டீபக்கிங்கை ஆஃப் செய்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் சில பேங்க் ஆப்கள் திறக்காது.