காசிமேட்டு விடியலுக்கு ஏற்ற கேமரா

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குச் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நின்றால் கேமராவைப் பற்றிப் பாதி விஷயம் புரிந்துவிடும். படகுகள் வந்து நிற்கும். விளக்கு வெளிச்சத்தில் வஞ்சிரத்தின் முதுகு பளபளக்கும். ஏலம் விடுகிறவரின் கை ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் குறைவு, அசைவு அதிகம். முதல் கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸை வைத்து அங்கே நூற்றுச் சொச்சம் படம் எடுத்தேன். எல்லாம் கலங்கல். பாடிதான் (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) மட்டம் என்று நினைத்து, பெரிய பாடிக்குக் காசு சேர்க்க ஆரம்பித்தேன். ஒரு நண்பர் தன்னுடைய 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கடன் கொடுத்தார். அதே கேமரா, அதே இடம். ஏலக்காரரின் விரல்கள் கூடத் தெளிவாக விழுந்தன.

காரணம் எளிய கணக்குதான். கிட் லென்ஸை 55 எம்எம்முக்கு இழுத்தால் (எம்எம் கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும்) அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1/15 நொடியில் எடுக்க வேண்டிய படத்தை 1/125-ல் எடுத்துவிடலாம். சின்ன சென்சார் உள்ள சாதாரண ஏபிஎஸ்-சி கேமராவை விட்டு, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமுக்குப் போனாலும், வெளிச்சத்தைப் பதிவு செய்யும் அந்த சென்சாரின் பரப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான் கூடும், செலவோ எங்கேயோ போய்விடும். அதனால் பணம் முழுவதையும் பாடியில் போடாதீர்கள். ஜூம் இல்லாத, ஒரே எம்எம் கொண்ட ஒரு பிரைம் லென்ஸுக்கு முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள்.

எந்த பிரைம் என்பதற்கு வீட்டிலேயே பதில் இருக்கிறது. கிட் லென்ஸ் ஏற்கெனவே இருந்தால், கடந்த ஆறு மாதப் படங்களின் விவரங்களைத் திறந்து எத்தனை எம்எம்மில் எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். எனக்குப் பாதிக்கு மேல் 30-க்கும் 40-க்கும் நடுவில் வந்தது. இல்லையென்றால் யாரிடமாவது ஒரு கிட் லென்ஸை வாங்கி, 35-ல் ஒரு நாள், 50-ல் ஒரு நாள் ஜூமை நகர்த்தாமல் வைத்துப் பழகுங்கள். ‘முதலில் 50 வாங்கு’ என்று நிறையப் பேர் சொல்வார்கள், விலையும் குறைவு. ஆனால் ஏபிஎஸ்-சி கேமராவில் 50 எம்எம் என்பது ஃபுல் ஃபிரேமின் 75 அல்லது 80 போலத்தான் காட்டும். எங்கள் திருவொற்றியூர் வீட்டுக் கூடத்தில் அம்மா பூக் கட்டுவதை 50-ல் எடுக்கப் போனால் முதுகு சுவரில் இடிக்கும், முகம் மட்டும்தான் கிடைக்கும். 35-ல் பூ, நார், கை, ஜன்னல் வெளிச்சம் எல்லாம் உள்ளே வரும். நம் ஊர் வீடுகளுக்கும் சந்துகளுக்கும் 35 தான் என் முடிவு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பூநாரைகளைப் பார்த்து ஆசைப்பட்டு, தூரத்தை நெருக்கிக் காட்டும் பெரிய டெலி லென்ஸை முதலிலேயே வாங்காதீர்கள். பறவைக்கு 400 எம்எம்மாவது வேண்டும், அது தனிச் செலவு, தனிச் சுமை.

பாடிக்கு வருவோம். இன்று புதிதாக வாங்கினால் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வாங்குங்கள். கம்பெனிகள் புது லென்ஸ்களை அதற்குத்தான் கொண்டுவருகின்றன. நான் இரண்டே விஷயம் பார்ப்பேன். ஒன்று வ்யூஃபைண்டர், கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல். மெரினாவில் காலை பத்து மணி வெயிலில் பின்பக்கத் திரை வெறும் கண்ணாடிதான், ஒன்றும் தெரியாது. நிக்கான் இசட்30, சோனி இசட்வி-இ10 இரண்டிலும் வ்யூஃபைண்டர் கிடையாது. வீடியோவுக்கு நல்லவை, தெருவில் படம் எடுக்க எனக்குச் சரிவராது. கேனன் ஆர்50, நிக்கான் இசட்50, சோனி ஏ6400 மூன்றிலும் உண்டு.

இன்னொன்று எடை. மேற்சொன்ன ஆர்50 பேட்டரியோடு 400 கிராமுக்கும் குறைவு. மே மாத வேர்வையில் கழுத்தில் தொங்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். சின்னக் கேமராவைப் பார்த்து ஆட்கள் மிரள்வதும் இல்லை. “அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டால் மீன்காரம்மா கத்தியைக் கீழே வைக்காமலே, “எடுப்பா, எனக்கும் அனுப்பணும்” என்பார். மறக்காமல் அனுப்பிவிடுவேன். மெகாபிக்சல் பற்றி யோசிக்கவே வேண்டாம், இன்றைய கேமராக்கள் எல்லாவற்றிலும் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

செகண்ட் ஹேண்டில் வாங்குவது தப்பில்லை. நான் ஒருமுறை ஏமாந்ததைச் சொல்கிறேன். என் நிக்கான் டி5600 கேமராவுக்கு ஒரு பழைய 50 எஃப் 1.8டி லென்ஸைக் கடைக்காரர் “கச்சிதமாகப் பொருந்தும்” என்று கொடுத்தார். பொருந்தியது. ஆனால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவில்லை. அந்த ‘டி’ வகை லென்ஸுக்குள் ஃபோகஸை நகர்த்தும் மோட்டார் இல்லை, பாடியில் இருக்க வேண்டும், டி5600-ல் அதுவும் இல்லை. திருப்பி வாங்க மறுத்துவிட்டார். அதனால் அண்ணா சாலையோ ரிச்சி தெருவோ, எங்கே போனாலும் உங்கள் பாடியையும் மெமரி கார்டையும் கொண்டுபோய், மாட்டி, ஃபோகஸ் ஆகிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

அப்புறம் செல்போன் டார்ச். லென்ஸின் அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய வெள்ளை இழைகள் கண்ணாடிக்குள் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அந்த இழைகளை முதன்முதலில் என் சொந்த லென்ஸில்தான் பார்த்தேன். ஐப்பசி மழையில் பீரோவுக்குள் தோல் உறையில் வைத்தேன், பொங்கலுக்கு எடுத்தபோது உள்ளே படர்ந்திருந்தது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், அதில் தோல் உறையும் இருட்டும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இப்போது இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். சிலிக்கா ஜெல்லின் நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் மாற்ற வேண்டிய நேரம். ஏசி அறையிலிருந்து கிளம்பும்போது கேமராவைப் பையை விட்டு உடனே எடுக்காதீர்கள், கண்ணாடி முழுக்க ஆவி படியும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். நான் காசிமேட்டுக்குப் போகும் சனிக்கிழமை இரவுகளில் பையை ஏசி இல்லாத கூடத்திலேயே வைத்துவிடுகிறேன்.