‘ஐந்தாவது’ என்றால் எதிலிருந்து ஐந்தாவது? பஞ்சமத்தைச் சுற்றி நாம் செய்யும் தவறுகள்

பாட்டு வகுப்புக்கும் கீபோர்டு வகுப்புக்கும் சேர்ந்தே போகும் பிள்ளைகள் இப்போது ஏராளம். ஓரிடத்தில் ஸ ரி க ம ப வரிசையின் ‘ப’வைப் ‘பஞ்சமம்’ என்கிறார்கள், மற்ற இடத்தில் ‘ஃபிஃப்த்’ என்கிறார்கள், வீட்டுக்கு வரும் மாமா ஒருவர் ‘அவங்க அஞ்சு கட்டையில பாடுவாங்க’ என்கிறார். எல்லாவற்றிலும் ஐந்து இருக்கிறது, ஆகவே எல்லாம் ஒன்றுதான் என்று பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது. பெரியவர்கள் பலரும் அதைத் திருத்துவதில்லை. எண்ணைச் சொல்லிக்கொடுக்கிறோம், எந்த இடத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கட்டை விவகாரம். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி வந்த வழக்கு அது. மேற்கத்திய சி ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை. இ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்பு கிடையாது, அதனால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை. ஐந்து கட்டையில் பாடுகிறார் என்றால் அவருடைய சட்ஜம், அதாவது தொடக்க ஸ்வரமான ‘ஸ’, ஜி-யில் நிற்கிறது என்று பொருள். அது சுருதியின் பெயர், பஞ்சமத்தின் பெயர் அல்ல.

ஒரு கட்டையில் பாடுகிறவருக்கு மட்டும் இந்த இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அவருக்குச் சட்ஜம் சி, பஞ்சமம் ஜி, அதாவது ஐந்தாம் கட்டை. இந்த ஒற்றைப் பொருத்தத்தை நம்பிப் பலர் ஏமாந்துபோகிறார்கள். இரண்டு கட்டைக்காரருக்குப் பஞ்சமம் ஆறாம் கட்டையில் வரும். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு அது மேலே போய் டி-யில், இரண்டாம் கட்டையில் உட்காரும். சுருதிப்பெட்டியில் ஐந்து கட்டை வைக்கச் சொன்னால் சட்ஜத்தை ஜி-க்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு கட்டைச் சுருதியை அப்படியே விட்டுவிட்டுப் பஞ்சமத்தைப் பெரிதாக ஒலிக்க விடுவது வேறு வேலை.

அடுத்தது, கீபோர்டில் பஞ்சமத்தை எண்ணிப் பிடிப்பது. சி-யில் தொடங்கி, கறுப்பு வெள்ளை எல்லாவற்றையும் சேர்த்து ஐந்தாவது கட்டையை அழுத்தினால் கிடைப்பது ‘க’வின் ஒரு வகையான அந்தர காந்தாரம். தொடங்கிய கட்டையை விட்டுவிட்டு ஐந்து எண்ணினால் ‘ம’வின் ஒரு வகையான சுத்த மத்யமம். சரி, வெள்ளையை மட்டும் எண்ணலாமே என்றால் சி, டி, இ, எஃப், ஜி, ஏ ஆறிலும் சரியாக வரும். பி-யில் தொடங்கியதும் சறுக்கும்: பி, சி, டி, இ, எஃப். அந்த எஃப் பஞ்சமம் அல்ல. அதற்குப் பக்கத்திலுள்ள கறுப்புக் கட்டைதான், நாலரை, பஞ்சமம். தவறாமல் பிடிக்க ஒரே வழிதான் உண்டு. சட்ஜம் எந்தக் கட்டையோ அதை விட்டுவிட்டு, கறுப்பு வெள்ளை பார்க்காமல் ஏழு கட்டை மேலே போக வேண்டும். சட்ஜத்தையும் சேர்த்தால் எட்டு. பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் பஞ்சமத்துக்கு எட்டாவது இடம் என்பது இதனால்தான். ஏழு ஸ்வரங்களில் ஐந்தாவது, பன்னிரண்டு ஸ்தானங்களில் எட்டாவது, சட்ஜத்திலிருந்து ஏழு அரைச்சுர தூரம். மூன்றும் உண்மை. எதை எண்ணுகிறோம் என்பதுதான் மாறுகிறது.

மேற்கத்திய இசையில் ஃபிஃப்த் என்பது ஒரு இடைவெளியின் பெயர், எந்தச் சுரத்திலிருந்தும் அளக்கலாம். அதில் பெர்ஃபெக்ட், டிமினிஷ்டு, ஆக்மென்டட் என்று வகைகளும் உண்டு. நம் பஞ்சமத்துக்கு வகையே கிடையாது. சட்ஜத்தைப் போல அதுவும் அசையாத ஸ்வரம். டிமினிஷ்டு ஃபிஃப்தைத் தமிழில் ‘குறைந்த பஞ்சமம்’ என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். சட்ஜத்திலிருந்து ஆறு கட்டை தள்ளி ஒலிக்கும் அந்த ஒலிக்கு நம்மிடம் பிரதி மத்யமம் என்ற பெயர் இருக்கிறது. எட்டு கட்டை தள்ளி வருவது சுத்த தைவதம். புதுப்பெயர் தேவையில்லை.

ராகத்தின் ஐந்தாவது ஸ்வரமும் பஞ்சமமும் ஒன்றென்று நினைப்பதும் அடிக்கடி நடக்கிறது. மோகனத்தின் ஆரோகணத்தைப் பாடிப் பாருங்கள்: ஸ ரி க ப த. பஞ்சமம் அங்கே நான்காவதாக வருகிறது. ஹிந்தோளத்தில் ஸ க ம த நி, ஐந்தாவதாக நிற்பது நிஷாதம். பஞ்சமம் அந்த ராகத்தில் கிடையவே கிடையாது. ஆனாலும் ஹிந்தோளம் பாடும்போது பின்னால் தம்புராவில் பஞ்சமத் தந்தி ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். இந்துஸ்தானியில் இதே ராகத்தை மால்கௌன்ஸ் என்று பாடும்போது அந்தத் தந்தியை மத்யமத்துக்கு இறக்கிவிடுவார்கள். ராகத்தில் உள்ள ஸ்வரம் ஒன்று, சுருதியில் உள்ள ஸ்வரம் ஒன்று என்று மாணவருக்குப் பிரித்துச் சொல்லாவிட்டால், ‘பஞ்சமம் இல்லாத ராகத்தில் பஞ்சமம் எப்படிக் கேட்கிறது?’ என்ற நியாயமான கேள்வி பதிலில்லாமல் போய்விடும்.

தம்புராவில் இன்னொரு வேடிக்கையான இடமாற்றம் உண்டு. மீட்டும் வரிசையில் பஞ்சமத் தந்திதான் முதலில். பிறகு சட்ஜத் தந்திகளான சாரணியும் அனுசாரணியும், கடைசியில் கீழ்ச் சட்ஜமான மந்தரம். ‘பஞ்சமத்தைச் சேர்’ என்றால் ஐந்தாவது தந்தியைத் தேடக் கூடாது, இருப்பதே நான்குதான். அந்தத் தந்தியைச் சேர்க்கும்போது கீபோர்டை அளவுகோலாக வைப்பதும் தவறு. சட்ஜம் விநாடிக்கு 240 அதிர்வு என்று கொண்டால், இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் சுத்தமான பஞ்சமம் 360. கீபோர்டின் பஞ்சமமோ ஏறக்குறைய 359.6. காகிதத்தில் இது ஒன்றுமில்லாத வித்தியாசம். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டு அமைதியாகக் கேட்டால், ஒலி மெல்ல ஏறி இறங்குவது தெரியும். தம்புராவில் அந்த அசைவு நிற்கும் வரை பிரடையை, அதாவது தந்தியை முறுக்கும் ஆணியைத் திருப்ப வேண்டும்.

ஐந்தும் ஐந்தும் பத்து என்ற கணக்கும் இசையில் பலிக்காது. சட்ஜத்திலிருந்து ஐந்தாவது பஞ்சமம், பஞ்சமத்திலிருந்து ஐந்தாவது மேல் ரிஷபம். சட்ஜத்திலிருந்து எண்ணினால் அது ஒன்பதாவது, ஏனென்றால் பஞ்சமத்தை இரண்டு முறை எண்ணிவிட்டோம். பழந்தமிழ் இசைக்காரர்கள் இப்படி ஐந்து ஐந்தாக ஏறிப் போவதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஸ்வரங்களுக்கு அவர்கள் வைத்த பெயர்களில் சொன்னால், குரலுக்கு ஐந்தாவது இளி, இளிக்கு ஐந்தாவது துத்தம், துத்தத்துக்கு ஐந்தாவது விளரி, விளரிக்கு ஐந்தாவது கைக்கிளை. இந்த ஐந்தையும் கிளை என்றார்கள். குரலைச் சட்ஜமாகக் கொண்டு இவற்றை வரிசைப்படுத்தினால் நாம் சற்றுமுன் பாடிய மோகனம் வந்து நிற்கிறது. எத்தனை முறை பாடிப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

இறங்கும் திசையில் எண்ணினால் விடை மாறும். மேல் சட்ஜத்திலிருந்து ஸ நி த ப ம என்று வந்தால் ஐந்தாவது மத்யமம்.

தாய் ராகங்களின் வரிசையான மேளகர்த்தாவைப் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. அந்த ராகங்களை ஆறாறாகப் பிரித்த தொகுதிதான் சக்கரம்; அதற்குள் ராகத்தின் இடத்தைச் சொல்ல ப, ஸ்ரீ, கோ, பூ, ம, ஷ என்று குறிப்பு வைத்திருக்கிறார்கள். அது எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரும் கடபயாதி எண்முறை. அதில் ‘ப’ என்றால் ஒன்று, ‘ம’ என்றால் ஐந்து. ஸ்வர வரிசையிலோ ப ஐந்தாவது, ம நான்காவது. இரண்டையும் கலந்தால் எண்கள் எல்லாம் தடம் மாறும். சங்கராபரணம் 29ஆவது மேளம், ‘பாண மா’. மன்மதனின் ஐந்து பாணங்களால் ஐந்தாம் சக்கரம், ‘மா’வால் அதில் ஐந்தாம் ராகம். இதில் பஞ்சம ஸ்வரத்துக்கு எந்த வேலையும் இல்லை.

தேவாரப் புத்தகத்தில் பதிகத்தின் தலைப்பில் ‘பண்: பஞ்சமம்’ என்று பார்த்துவிட்டு, பஞ்சமத்தில் தொடங்கிப் பாட வேண்டும் என்றோ சுருதியை உயர்த்த வேண்டும் என்றோ நினைத்துவிடாதீர்கள். அது பண்ணின் பெயர். ஓதுவார்கள் இன்று அதை ஆகிரி ராகத்தில் பாடுகிறார்கள். சேந்தனாரின் திருப்பல்லாண்டு, ‘மன்னுக தில்லை’ என்று தொடங்குவது, இந்தப் பண்தான். ஐந்தாம் திருமுறைக்கும் இதற்கும் உறவில்லை. அது அப்பர் பாடியது, திருப்பல்லாண்டு இருப்பது ஒன்பதாம் திருமுறையில்.

பாட்டை விட்டு வீட்டுக்கு வந்தாலும் இதே சிக்கல்தான். அமாவாசையை ஒன்று என்று வைத்துப் பஞ்சமியைத் தேடினால் சதுர்த்தியில் போய் நிற்போம். எண்ணிக்கை தொடங்குவது அதற்கு அடுத்த திதியான பிரதமையில். இசையில் தொடங்கும் ஸ்வரத்தையும் சேர்த்து எண்ணுகிறோம், திதியில் அமாவாசையைச் சேர்ப்பதில்லை. அத்துடன் திதி என்பது கடிகார நாள் அல்ல. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 12 பாகை விலகல் கூடும் நேரம் ஒரு திதி. அது 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரமும் நீளலாம். இன்று மதியம் தொடங்கி நாளை மதியம் முடியும் பஞ்சமியை எந்த நாளில் கொண்டாடுவது என்பதற்குப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதே முறை, விரல்விட்டு எண்ணுவது உதவாது.

துக்க வீட்டில் இந்தத் தவறு மனத்தாங்கலில் முடியும். பதினாறாம் நாள் காரியத்துக்கு இறந்த நாளையே முதல் நாளாக எண்ணுவது வழக்கம். ஆண்டு நினைவில் அப்படி இல்லை. ஓராண்டு முடிந்தால்தான் ‘முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி’, ஆக ஐந்து ஆண்டு முழுதாக முடிந்த பிறகே ஐந்தாம் ஆண்டு. பத்திரிகைக்கு விளம்பரம் எழுதிக் கொடுக்கும் முன் ஒரு பெரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சிலும் கவனம் தேவை: ‘அஞ்சாவது கொடுங்க’ என்றால் ஐந்தாம் இடத்தில் இருப்பதைக் கேட்கிறாரா, குறைந்தது ஐந்து வேண்டும் என்கிறாரா என்பது குரலை வைத்துத்தான் தெரியும். எழுத்தில் முதலாவதற்கு ‘ஐந்தாம்’ என்றும் மற்றதற்கு ‘ஐந்தேனும்’ என்றும் எழுதினால் தகராறு இல்லை.

‘ஐந்தாம் படை’யை எதிர்க்கருத்து சொல்லும் எல்லோர் மேலும் வீசுவது மேடைப் பழக்கமாகிவிட்டது. 1936இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் நான்கு படைப் பிரிவுகள் மாட்ரிட் நகரை நோக்கி வந்தபோது, நகருக்குள்ளேயே மறைந்திருந்து அவற்றுக்கு உதவும் ஆதரவாளர்களைக் குறிக்கப் பிறந்த சொல் அது. வெளிப்படையாக நின்று எதிர்க்கிறவரை அப்படி அழைப்பது பொய்க் குற்றச்சாட்டு.

எல்லாவற்றையும்விட நிதானம் வேண்டிய இடம் ‘பஞ்சமர்’. நான்கு வருணத்துக்கும் வெளியே தள்ளப்பட்டவர்கள் என்று மனிதர்களை எண்ணிட்டு ஒதுக்கிய சொல் அது. யாழ்ப்பாண வழக்கில் அதே சொல் ஒடுக்கப்பட்ட ஐந்து சாதியாரைச் சேர்த்துக் குறித்தது, ஆகவே அங்கே ‘ஐந்தாவது’ என்று பொருள் எழுதுவது பிழை. சென்னை மாகாணத்தில் இத்தகைய பெயர்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று வழங்க வேண்டும் என எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் 1922இல் நிறைவேறியது. நூறாண்டு கழிந்த பிறகும் உயிரோடிருக்கும் மனிதரை அந்தச் சொல்லால் அழைப்பதற்கு எந்தச் சாக்கும் இல்லை. வரலாற்றைப் பேசும்போது மட்டும் அது வரட்டும்.

பஞ்சமி நிலம் என்ற பெயரும் இதிலிருந்து வந்ததே. பஞ்சமித் திதியில் வழங்கிய நிலம் என்று விளக்கம் சொல்லாதீர்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்கீரின் அறிக்கைக்குப் பின், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று 1892இல் சென்னை அரசு ஒதுக்கத் தொடங்கிய நிலங்கள் அவை. முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. ‘டிப்ரெஸ்டு கிளாஸ்’ (ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்பதைச் சுருக்கி டி.சி. நிலம் என்றும் அதைச் சொல்வார்கள். மனை வாங்கப் போகிறவர்கள் கிராம ஆவணத்தில் இந்த வகைப்பாடு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.