போட்டோக்கள் ஒரே மாதிரி வந்தபோது

நான் எடுக்கும் போட்டோக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வர ஆரம்பித்தன. சரி, போட்டோக்களை மட்டும் பார்த்தால் போதாது என்று ஓவியம், மரஅச்சுப் படம், துணி வடிவமைப்பு எனக் கலந்து பார்த்தேன்.

கண்ணைத் திறந்தது ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் 'கமெய்தோ பிளம் தோட்டம்' (1857) என்ற மரஅச்சுப் படம். பெரிய கிளை ஒன்று முன்னால் குறுக்கே ஓடிப் படத்தையே வெட்டுகிறது; மனிதர்கள் தூரத்தில், கிளைகளின் இடுக்கில் குட்டியாகத் தெரிகிறார்கள். 1887-இல் டச்சு ஓவியர் வான்கோ இதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அவரே பார்த்துப் பழகினார் என்றால் நாமும் தாராளமாகப் பழகலாம்.

அப்புறம், ஒரு படத்தைச் சேமிக்கும்போதே எது என்னை இழுத்தது என்று ஒரு வரி எழுதினேன்: "முன்னால் மறைப்பு", "ஓரத்தில் சிவப்பு". கேமராவோடு போகும்போது அதில் ஒன்றை மட்டும் முயல்வேன். ஜன்னல் கம்பி, கதவு விளிம்பு, யாருடைய தோளோ, எல்லாம் இப்போது என் படங்களில் முன்னால் நிற்கின்றன. அடுத்தது நிறம்.